சமாதானம் பேசி அனுப்பிவைக்கப்பட்ட மாணவர்

2014 ஜனவரி 29. டெல்லி லாஜ்பத் நகர் சந்தை. பஞ்சாபில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த நிடோ தானியா என்ற அருணாசலப் பிரதேச மாணவர், நண்பர்களோடு டெல்லிக்கு வந்திருந்தார். விலாசம் கேட்பதற்காக ஒரு கடையை அணுகினார். தலைமுடிக்குச் சாயம் பூசியிருந்தார். கடையில் இருந்தவர்கள் அவருடைய முடியையும் தோற்றத்தையும் கேலி செய்தார்கள். கோபத்தில் அவர் கடையின் கண்ணாடியை உடைத்தார். அடி விழுந்தது. போலீஸ் வந்தது.

போலீஸ் வந்த பிறகு நடந்ததுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசினார்கள். உடைந்த கண்ணாடிக்கு அந்த மாணவரே நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்று முடிவானது. கொடுத்தார். அடித்தவர்கள் மீது வழக்கு இல்லை. விஷயம் 'முடிந்தது'. திரும்பவும் அதே இடத்துக்கு வந்தபோது இரண்டாவது முறையும் தாக்கப்பட்டார் என்று அவருடைய நண்பர்கள் சொன்னார்கள். மறுநாள் படுக்கையிலேயே இறந்து கிடந்தார். பலமான அடிகளால் ஏற்பட்ட காயங்களே மரணத்துக்குக் காரணம் என்றது எய்ம்ஸ் மருத்துவமனையின் பிரேதப் பரிசோதனை அறிக்கை.

அவருடைய தந்தை ஒரு சட்டமன்ற உறுப்பினர். அதனால் செய்தி பரவியது, வழக்கு சி.பி.ஐ. வரை போனது, ஜந்தர் மந்தரில் கூட்டம் கூடியது, மத்திய அரசு குழு அமைத்தது. தந்தை ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளியாக இருந்திருந்தால் இவற்றில் எவ்வளவு நடந்திருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இனவெறி வன்முறையைத் தடுப்பது பற்றிய பேச்சு எப்போதும் பெரிய இடங்களில்தான் தொடங்குகிறது. சட்டம், பாடத்திட்டம், விழிப்புணர்வு, ஒற்றுமை. எனக்கு அவற்றின் மீது விரோதம் எதுவுமில்லை. ஆனால் லாஜ்பத் நகரில் தவறிய இடம் காவல் நிலைய மேசை. கேலியில் தொடங்கிய ஒரு தாக்குதலை, கண்ணாடி உடைந்த தகராறாகச் சுருக்கி, காசு கைமாற்றி, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அன்று அந்த மேசையில் வழக்கு பதிவாகி, அடித்தவர்கள் உள்ளே உட்கார்ந்திருந்தால் அந்த மாணவர் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. சமாதானம் என்ற பெயரில் நடக்கும் இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நமக்கு நன்றாகத் தெரிந்த பழக்கம்தான்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. கைது செய்யத்தக்க குற்றம் பற்றித் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை (எப்.ஐ.ஆர்.) பதிவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது 2013 நவம்பர் 12 அன்று. லாஜ்பத் நகர் சம்பவத்துக்கு மூன்று மாதம்கூட முன்னால் இல்லை. நாட்டின் தலைநகரில், அந்த நீதிமன்றத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஒரு சந்தைக்கு அந்தத் தீர்ப்பு போய்ச் சேரவில்லை.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் 2007. அந்த ஆண்டு டெல்லி காவல்துறை வடகிழக்கு மாநில மாணவர்களுக்கு ஒரு பாதுகாப்புக் கையேடு வெளியிட்டது. பெண்கள் உடலை வெளிக்காட்டும் உடைகளைத் தவிர்க்க வேண்டும், மூங்கில் குருத்து, அகுனி போன்ற வாசனை மிகுந்த உணவுகளை அக்கம்பக்கத்தில் தகராறு வராமல் சமைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் அறிவுரை இருந்தது. நல்ல எண்ணத்தில்தான் அச்சிட்டிருப்பார்கள். ஆனாலும் அடிபடுபவருக்குக் கையேடு, அடிப்பவருக்கு எதுவுமில்லை என்ற கணக்கு அதில் அப்பட்டமாக இருக்கிறது. அகுனி என்பது நாகாலாந்தில் சோயாவைப் புளிக்கவைத்துச் செய்வது. கருவாடு வறுத்ததற்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட குடும்பங்கள் சென்னையில் எத்தனையோ உண்டு. அவர்களுக்கு அந்தக் கையேட்டின் தொனி உடனே புரியும்.

நிடோ தானியாவின் மரணத்துக்குப் பின் 2014 பிப்ரவரியில் அமைக்கப்பட்ட, பெஸ்பருவா தலைமையிலான குழு, ஜூலையில் அறிக்கை கொடுத்தது. நான் படித்த அரசுக் குழு அறிக்கைகளில் இது உருப்படியான ஒன்று. இனத்தையும் தோற்றத்தையும் பிறந்த இடத்தையும் வைத்து இழிவுபடுத்துவதையும் தாக்குவதையும் தனிக் குற்றமாக்க வேண்டும் என்றது. அதற்காக அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 153சி, 509ஏ என்ற இரண்டு புதிய பிரிவுகளைப் பரிந்துரைத்தது. குற்றம் ஜாமீனில் வெளிவர முடியாததாக இருக்கவேண்டும், விசாரணை 60 நாளில் முடியவேண்டும், வழக்கு 90 நாளில் முடியவேண்டும் என்றது. தனி வழக்கறிஞர் குழு, காவல்துறையில் வடகிழக்கு மக்களைச் சேர்ப்பது, பள்ளிப் பாடத்தில் அந்த மாநிலங்களின் வரலாறு, தேசிய விளையாட்டுப் போட்டிகளை அங்கே நடத்துவது என்று நீண்டது பட்டியல்.

எளிதானவை நடந்தன. டெல்லி காவல்துறையில் வடகிழக்கு மக்களுக்கான தனிப் பிரிவு வந்தது, 1093 என்ற உதவி எண் வந்தது, ஆள்சேர்ப்பும் நடந்தது. இவற்றைக் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்தப் பிரிவு இருப்பதால் இன்று முனிர்காவிலோ ஹுமாயூன்பூரிலோ வாடகைக்கு இருக்கும் ஒரு பெண்ணுக்கு நள்ளிரவில் யாரைக் கூப்பிடுவது என்று தெரிகிறது. ஆனால் 153சி வரவேயில்லை. 2016 டிசம்பரில் கர்மா டோர்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றம், இனவெறிக் குற்றங்களைக் கண்காணிக்க ஒரு குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் தனிச் சட்டம் வரவில்லை.

1968இலேயே இந்தியா இனப்பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டுவிட்டது. தென்னாப்பிரிக்காவின் நிறவெறியை எதிர்த்து ஐ.நா.வில் முதலில் குரல் கொடுத்த நாடுகளில் ஒன்று நாம். அந்தப் பெருமையே நமக்குத் தடையாகிவிட்டதோ என்று சில நேரம் தோன்றுகிறது. இனவெறி என்பது வெள்ளைக்காரனின் நோய், நமக்கு அது வராது என்ற நம்பிக்கை டெல்லியின் அரசு அலுவலகங்களில் ஆழமாக ஊறியிருக்கிறது.

2016 ஜனவரி இறுதியில் பெங்களூரில் சூடான் நாட்டுக்காரர் ஒருவர் ஓட்டிய கார் மோதி ஒரு பெண் இறந்தார். அந்த விபத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத தான்சானிய மாணவி ஒருவர் அந்த வழியாக வந்தார். கூட்டம் அவரை அடித்து ஆடையைக் கிழித்தது. பஸ்ஸில் ஏறித் தப்ப முயன்றவரை உள்ளே இருந்தவர்கள் வெளியே தள்ளினார்கள். இது இனவெறித் தாக்குதல் அல்ல, விபத்தின் எதிர்வினை என்றார் மாநில அமைச்சர். விபத்தை ஏற்படுத்தியவருக்கும் அந்த மாணவிக்கும் இருந்த ஒரே ஒற்றுமை தோலின் நிறம். பிறகு வேறு எதை இனவெறி என்று சொல்வது? 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் ஒரு பள்ளி மாணவனின் மரணத்துக்குப் பழி சுமத்தி, வணிக வளாகத்துக்குள் நைஜீரிய மாணவர்களை நாற்காலிகளாலும் குப்பைத் தொட்டிகளாலும் அடித்தார்கள். ஆப்பிரிக்க நாடுகளின் தூதர்கள் கூடி இது இனவெறிதான் என்று அறிக்கை விட்டார்கள். நம் வெளியுறவுத் துறை அந்த அறிக்கையின் மீதுதான் வருத்தப்பட்டது.

பெயரைச் சொல்ல மறுப்பதும் சமாதானம் பேசி அனுப்புவதும் ஒரே காரியத்தின் இரண்டு படிகள். மேலே அமைச்சர் செய்வதை, கீழே காவல் நிலைய ரைட்டர் செய்கிறார்.

தமிழ்நாட்டில் காவல் நிலையத்துக்குப் போய்வந்தவர்களுக்கு இது விளங்கும். மனு கொடுத்தால், மனு வந்ததற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கும். எப்.ஐ.ஆர். கிடைப்பது வேறு விஷயம். எதிர்த் தரப்பைக் கூப்பிடுவார்கள். இரண்டு பேரும் நிற்பார்கள். "ஏம்பா, வெளியூரிலிருந்து பிழைக்க வந்திருக்கிறாய், கேஸ் கீஸ் என்று அலையப்போகிறாயா?" என்று ஒரு கேள்வி வரும். அதில் அக்கறையும் இருக்கும், மிரட்டலும் இருக்கும். கேட்பவருக்கே எது எவ்வளவு என்று தெரியாது. 'இனி எந்தப் பிரச்சினைக்கும் போகமாட்டேன்' என்று இரு தரப்பிடமும் எழுதி வாங்குவார்கள். அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே வாசகத்தில் கையெழுத்துப் போடுவார்கள்.

தப்பித்தவறி எப்.ஐ.ஆர். பதிவானாலும் அதன் மொழி ஒன்று இருக்கிறது. 'ஆபாசமான வார்த்தைகளால் திட்டி, கையால் அடித்து, கொலை மிரட்டல் விடுத்ததாக' என்று போகும் அந்த வாக்கியம் தமிழ்நாட்டின் எந்த நிலையத்திலும் மாறாது. பழைய தண்டனைச் சட்டக் கணக்கில் 294பி, 323, 506 பிரிவுகள். புதிய சட்டத்தில் எண்கள் மட்டும் மாறியிருக்கின்றன. ஒருவரை அவருடைய கண்ணை வைத்தோ நிறத்தை வைத்தோ ஊரை வைத்தோ என்ன சொல்லி அடித்தார்கள் என்பது அந்த 'ஆபாசமான வார்த்தைகள்' என்ற இரண்டு சொற்களுக்குள் காணாமல் போய்விடுகிறது. நீதிமன்றத்துக்கு வரும்போது அது சாதாரணத் தெருச்சண்டை. நோக்கம் காகிதத்திலேயே இல்லை என்றால் எந்தச் சட்டத்தைக் கொண்டு தண்டிப்பது?

இங்கிலாந்துக்காரர்கள் இந்த இடத்தில் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடிக்கும். அவர்களை உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை.

1993 ஏப்ரல் 22 இரவு, தென்கிழக்கு லண்டன் எல்தம் பகுதியில் பஸ்ஸுக்காகக் காத்திருந்த 18 வயது கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸை ஒரு வெள்ளைக் கும்பல் குத்திக் கொன்றது. உடன் இருந்த நண்பர் டுவைன் புரூக்ஸ், நடந்ததைக் கண்ணால் கண்ட சாட்சி. வந்த போலீஸ் அவரைச் சாட்சியாக நடத்தவில்லை, சந்தேகத்தோடு பார்த்தது. கொலையாளிகள் என்று ஊரே சொன்ன பெயர்கள் சில நாட்களிலேயே காவல்துறைக்கு வந்துவிட்டன. கைது நடக்கவில்லை. மே 6 அன்று லண்டன் வந்திருந்த நெல்சன் மண்டேலா, ஸ்டீபனின் பெற்றோரைச் சந்தித்தார். மறுநாள் முதல் கைது நடந்தது! அதற்குப் பிறகும் வழக்கு நொண்டியது. பெற்றோர் தாங்களே தொடுத்த வழக்கு 1996இல் தோற்றது. அவர்கள் விடவில்லை. ஆட்சி மாறியது, பொது விசாரணை வந்தது, 1999 பிப்ரவரியில் நீதிபதி மேக்பர்சனின் அறிக்கை வந்தது. லண்டன் காவல்துறை ஒரு நிறுவனமாகவே இனவெறியில் ஊறியிருக்கிறது என்று அது எழுதியது.

எழுபது பரிந்துரைகளில் நான் சொல்லவந்தது ஒன்றே ஒன்று. பாதிக்கப்பட்டவரோ வேறு யாரோ ஒரு சம்பவத்தை இனவெறிச் சம்பவம் என்று கருதினால், காவல்துறை அதை அப்படியே பதிவு செய்யவேண்டும். குற்றம் நிரூபணமாகிறதா என்பது பிறகு வரும் கேள்வி. ஆனால் பதியும் இடத்தில், 'இது இனவெறி இல்லை, சும்மா வாய்த்தகராறு' என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை மேசையில் இருக்கும் ஆளிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். குற்றம் என்ற அளவுக்குப் போகாத கேலியையும் குறித்துவைக்க வேண்டும் என்றார்கள். அதே தெருவில், அதே கடையில், அதே ஆள் ஐந்து முறை கேலி செய்தான் என்று பதிவேட்டில் இருந்தால் ஆறாவது முறை கத்தி வருவதற்கு முன் அங்கே ஒரு போலீஸ்காரர் போய் நிற்க முடியும். தடுப்பு என்று நான் புரிந்துகொள்வது இதைத்தான்.

இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இன அடிப்படையிலான வெறுப்புக் குற்றங்கள் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பதிவாகின்றன. 'பார்த்தீர்களா, அங்கேதான் அதிகம்' என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. எண்ணுகிற இடத்தில் எண்ணிக்கை இருக்கும். அவ்வளவுதான்.

அங்கே எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. ஸ்டீபனைக் கொன்ற கும்பலில் இரண்டு பேர் தண்டிக்கப்பட்டது 2012இல்தான், பத்தொன்பது ஆண்டு கழித்து. 2024 ஜூலையில் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கத்திக்குத்தில் இறந்தபோது, கொன்றவன் படகில் வந்த அகதி என்று ஒரு பொய் சமூக ஊடகங்களில் கிளம்பியது. அவன் கார்டிஃபில் பிறந்தவன். அந்தப் பொய் சில நாட்களில் பல நகரங்களில் கலவரமாக மாறியது. ராதர்ஹாம் அருகே புகலிடம் கோருபவர்கள் தங்கியிருந்த ஓட்டலுக்குத் தீ வைக்க முயன்றார்கள். கலவரக்காரர்களை நீதிமன்றங்கள் சில நாட்களுக்குள் சிறைக்கு அனுப்பத் தொடங்கின. ஆகஸ்ட் 7 அன்று இன்னும் பல இடங்களில் தாக்குதல் நடக்கும் என்ற தகவல் பரவியபோது, வால்தம்ஸ்டோ போன்ற இடங்களில் ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் தெருவில் வந்து நின்றார்கள். தாக்க வருவதாகச் சொல்லப்பட்டவர்கள் பெரும்பாலும் வரவேயில்லை.

பொய்ச் செய்தி என்றதும் நம் ஊர்க் கதைக்கு வந்துவிடலாம்.

2012 ஆகஸ்ட். அசாமின் கோக்ராஜார் பகுதியில் போடோ மக்களுக்கும் வங்காளம் பேசும் முஸ்லிம்களுக்கும் இடையே நடந்த மோதலுக்குப் பழிவாங்க, ரம்ஜானுக்குப் பிறகு தென்னிந்திய நகரங்களில் வடகிழக்கு மக்கள் தாக்கப்படுவார்கள் என்று குறுஞ்செய்திகள் சுற்றின. பெங்களூரிலிருந்து சில நாட்களில் சுமார் முப்பதாயிரம் பேர் குவாஹாத்தி ரயில்களில் ஏறினார்கள். சென்னையிலிருந்தும் புனேயிலிருந்தும் கிளம்பினார்கள். அரசு மொத்தக் குறுஞ்செய்திகளுக்குப் பதினைந்து நாள் தடை போட்டது, ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்பமுடியாது என்றது. பெங்களூரில் முஸ்லிம் அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் ரயில் நிலையத்துக்கே போய், போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆனால் அதற்குள் நடைமேடைகள் நிரம்பிவிட்டன.

அந்த மக்கள் ஏன் ஒரு குறுஞ்செய்தியை நம்பினார்கள் என்று அப்போது பலர் கேட்டார்கள். எனக்குக் கேள்வி வேறாக இருந்தது. ஆபத்து என்றால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறப்பார், காவல் நிலையம் காப்பாற்றும் என்று நம்ப அவர்களுக்கு என்ன காரணத்தை நாம் கொடுத்திருந்தோம்? அதே ஆண்டு ஏப்ரலில் பெங்களூரில் ஒரு மணிப்பூர் மாணவர் விடுதியில் இறந்ததை அவர்கள் மறந்திருக்கவில்லை. வதந்தி ஏற்கெனவே உழுது வைத்த நிலத்தில் விழுந்தது.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு அதே சோதனை வந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று, வேறு இடங்களில் வேறு காரணங்களுக்காக நடந்த மோதல்களின் காணொளிகளை ஒட்டிப் பரப்பினார்கள். இந்த முறை அரசு விழித்துக்கொண்டது. காவல்துறைத் தலைவரே காணொளியில் மறுத்தார். இந்தியில் அறிவிப்புகள் வந்தன. திருப்பூரிலும் கோவையிலும் அதிகாரிகள் தொழிற்சாலைகளுக்கு நேரில் போய்த் தொழிலாளர்களிடம் பேசினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. பொய் பரப்பியவர்கள் மீது வழக்கு பதிந்தது. ஹோலிக்கு ஊருக்குப் போன கூட்டத்தைத் தவிர, பெரிய வெளியேற்றம் எதுவும் நடக்கவில்லை. பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ஆள் போய்விடுமே என்ற பயம் இருந்தது உண்மை. அந்தப் பயம் இந்த முறை நல்ல காரியம் செய்தது.

ஆனால் அதற்கு முந்தைய மாதம்தான், ரயில் பெட்டியில் வட இந்தியத் தொழிலாளர்களை ஒருவர் திட்டி அடிக்கும் காணொளி வெளியானது. ரயில்வே போலீஸ் அவரைக் கைது செய்தது. கீழே வந்த கருத்துகளை நான் படித்தேன். படித்திருக்கவே வேண்டாம். 'வடக்கன்' என்று எழுதிச் சிரித்தவர்களில் எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர், வங்கி மேலாளர் ஒருவர். கொழும்பில் 1983இல் பஸ்ஸை நிறுத்தி, சிங்களச் சொல் ஒன்றைச் சொல்லச் சொல்லித் தமிழரைக் கண்டுபிடித்து அடித்தார்கள் என்ற கதையைக் கேட்டுக் கண்ணீர் விட்டவர்கள் இவர்கள். இதற்கு மேல் எழுதினால் கோபம்தான் மிஞ்சும்.

பள்ளிக்கூடம் இதில் என்ன செய்யமுடியும்? வடகிழக்கின் ஏழு சகோதரி மாநிலங்களின் தலைநகரங்களை மனப்பாடம் செய்து ஒரு மதிப்பெண் வாங்குவதால் யாரும் யாரையும் அடிக்காமல் இருக்கப்போவதில்லை. பெஸ்பருவா குழு கேட்டது வரலாற்றை. அதோடு நான் மேக்பர்சன் அறிக்கையின் இன்னொரு யோசனையையும் சேர்ப்பேன்: பள்ளியில் நடக்கும் இனவெறிச் சம்பவங்களைப் பள்ளியே பதிவேட்டில் எழுதவேண்டும், பெற்றோருக்குச் சொல்லவேண்டும், ஆண்டுதோறும் எண்ணிக்கையை வெளியிடவேண்டும். நம் தலைமையாசிரியர்களிடம் இதைச் சொன்னால் பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்பார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போடப்பட்டு, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு வேண்டாம், பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம் என்று அது சொன்னதுமே எவ்வளவு கூச்சல்! சாதியும் இனமும் ஒன்றல்ல. ஆனால் இரண்டிலும் வெட்டு விழுவதற்கு முன் பல மாதங்கள் சிறுமைப்படுத்தல் நடக்கிறது. அந்த மாதங்களில் ஆசிரியர்கள், பசங்களைக் கைகுலுக்க வைத்து அனுப்பிவிடுகிறார்கள். அங்கேயும் சமாதானம்தான்.

குடியிருப்புச் சங்கங்களைப் பற்றி நான் கொஞ்சம் உறுதியாகப் பேசமுடியும், ஏனென்றால் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்தில் நான் பொருளாளராக இருந்திருக்கிறேன். நாகாலாந்தைச் சேர்ந்த இரண்டு பெண்கள் முதல் மாடியில் வாடகைக்கு வந்தார்கள். ஒருவர் மருத்துவமனையில் செவிலியர், இன்னொருவர் அழகு நிலையத்தில் வேலை. மாதக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்தார். "சார், சமையல் வாசனை தாங்கவில்லை. ராத்திரி ஆட்கள் வந்துபோகிறார்கள். வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டால் அவர்களுக்கும் நல்லது" என்றார். ராத்திரி வந்துபோன ஆட்கள் என்பது இரவுப் பணி முடித்து வரும் அந்தச் செவிலியர்தான்.

விசாரித்ததில் ஒரு விஷயம் வெளியே வந்தது. வாசலில் காவலாளி அந்த ஒரு வீட்டுக்கு வருபவர்களிடம் மட்டும் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். யார் சொல்லி வாங்கினார் என்பதற்குப் பதில் வரவில்லை. "சரி, கையெழுத்து வேண்டும் என்றால் உங்கள் மருமகன் வரும்போதும் வாங்கலாம் ஐயா" என்றார் எங்கள் செயலாளர் அம்மா. அவர் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி, குரலை உயர்த்தவே மாட்டார். ஒன்று எல்லா வீட்டுக்கும், இல்லையென்றால் எந்த வீட்டுக்கும் இல்லை என்று தீர்மானம் எழுதினோம். வாடகைதாரர் பற்றிய எந்தப் புகாரும் எழுத்தில், தேதியோடு, என்ன நடந்தது என்ற விவரத்தோடு வரவேண்டும் என்றும் எழுதினோம். வாசனை பற்றிய புகார் எழுத்தில் வரவேயில்லை. அந்தப் பெண்கள் இரண்டரை ஆண்டு இருந்தார்கள். யாரும் யாரோடும் பெரிதாக நட்பாகிவிடவில்லை. ஒரு நவராத்திரிக்குச் சுண்டல் போனது, அவ்வளவுதான். பாதுகாப்பாக வாழ்வதற்கு நட்பு தேவையில்லை, ஒரே விதி எல்லோருக்கும் இருந்தால் போதும்.

2020 மார்ச்சில் கொரோனா தொடங்கியபோது, மைசூரில் ஒரு கடை நாகாலாந்து இளைஞர்களை உள்ளே விட மறுத்தது. டெல்லி முகர்ஜி நகரில் மணிப்பூர்ப் பெண் ஒருவர் மீது எச்சில் துப்பினார்கள். இரண்டும் செய்தியானது, நடவடிக்கையும் வந்தது. செய்தியாகாதவை எத்தனை என்று அந்த வாரத்தில் எங்கள் முதல் மாடிப் பெண்ணிடம் கேட்டேன். "அண்ணா, எதை என்று சொல்வது" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனார்.

இனி நடைமுறை. தனிச் சட்டம் இல்லை என்பதற்காக எதுவுமே இல்லை என்று அர்த்தமில்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 103(2) என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து, இனம், சாதி, பிறந்த இடம், மொழி போன்ற காரணத்துக்காகக் கொலை செய்தால் ஆயுள் அல்லது மரண தண்டனை. அதே காரணத்துக்காகக் கொடுங்காயம் ஏற்படுத்தினால் 117(4)இன் கீழ் ஏழு ஆண்டு வரை. நான்கு பேர் அடித்தால் இந்தப் பிரிவுகள் பொருந்தாது என்பது இதன் ஓட்டை. வகுப்பினரிடையே பகையைத் தூண்டுவதற்கு 196. அடிபட்டவர் பழங்குடியினராக இருந்தால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். வடகிழக்கு மக்களைத் தோற்றத்தை வைத்து இழிவாக அழைப்பவர்கள் மீது அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தும்படி மத்திய உள்துறை 2012இலேயே மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது. அதில் 18ஏ பிரிவின்படி எப்.ஐ.ஆருக்கு முன் ஆரம்ப விசாரணை என்று இழுத்தடிக்கத் தேவையில்லை. கடமையைச் செய்யாத அதிகாரிக்கே 4ஆம் பிரிவில் தண்டனை உண்டு.

ஆகவே உங்கள் கடையிலோ தெருவிலோ தொழிற்சாலையிலோ வேலை செய்யும் வெளியூர்க்காரர் ஒருவர் அடிபட்டால், அவரோடு தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் நிலையத்துக்குப் போங்கள். புகாரை நீங்களே எழுதிக் கொடுங்கள். அடித்தவன் என்ன சொல்லி அடித்தானோ அந்தச் சொல்லை அப்படியே, கூச்சப்படாமல், மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். ரைட்டர் அதை 'ஆபாசமான வார்த்தைகள்' என்று மாற்றி எழுதினால், எப்.ஐ.ஆரில் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள். 'எங்கள் எல்லைக்குள் இது நடக்கவில்லை' என்று நிலையத்தில் சொன்னால், எந்த நிலையத்திலும் பதியலாம் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு சொல்கிறது என்று சொல்லுங்கள். பதிய மறுத்தால் அதே பிரிவின்படி காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நகரமாக இருந்தால் துணை ஆணையருக்கு. பேசி முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது நாற்காலியை இழுத்துப் போட்டால், எப்.ஐ.ஆர். நகலை வாங்கிக்கொண்ட பிறகு உட்காருங்கள். நகல் இலவசம்.